ஏ.டி.ஆர்.பி. சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்து ஈனியைத் திருத்துங்கள்

செம்பை வைத்துப் பலபடி, அதாவது பாலிமர், செய்யும் ஏ.டி.ஆர்.பி. வினை கெட்டுப்போனால், பெரும்பாலோர் முதலில் வெப்பநிலையைக் கூட்டுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வினையூக்கியை இரட்டிப்பாக்குவார்கள். பல நேரம் இரண்டுமே நோயை முற்றவைக்கும். செம்பு எப்போதும் அதே செம்புதான். அதைப் பிடித்திருக்கும் ஈனி, அதாவது லேபில் நாம் லிகண்ட் என்று சொல்வது, மாறினால் அதே செம்பு நத்தையாகவும் நகரும், கட்டறுத்த காளையாகவும் பாயும். கிண்டி, தரமணி, அடையாறு பக்கத்து ஆய்வகங்களில் முதல் முறையாக இந்த வினையைப் போடுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். கண்ணில் படும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகலாம்.

ஈனி எதைத் திருகுகிறது

அணு இடமாற்றத் தனிஉறுப்புப் பலபடியாக்கல் என்று நீட்டிச் சொல்லப்படும் ஏ.டி.ஆர்.பி.யை 1995-இல் மத்தியாசெவ்ஸ்கி குழு செம்பை வைத்தும், சவமோட்டோ குழு ருத்தேனியத்தை வைத்தும் தனித்தனியாக வெளியிட்டன. செம்பு முறையில் நடப்பது இதுதான். சங்கிலியின் நுனியில் புரோமின் ஒட்டியிருக்கும்வரை அது உறங்குகிறது. குப்ரஸ் (ஒற்றை நேர்மின் செம்பு) அணைவு, அதாவது ஈனி பிடித்திருக்கும் செம்பு, அந்தப் புரோமினைப் பிடுங்கிக்கொண்டு குப்ரிக் (இரட்டை நேர்மின் செம்பு) ஆகிறது. விழித்த நுனி சில ஒற்றைப்படிகளை, அதாவது மோனோமர்களை, சேர்த்துக்கொள்கிறது. பிறகு குப்ரிக் அணைவு புரோமினைத் திருப்பிக் கொடுக்க, மறுபடி உறக்கம். எந்த நொடியிலும் விழித்திருப்பவை மிகச் சில என்பதால் இரண்டு நுனிகள் மோதி முடிந்துபோவது குறைகிறது.

ஈனி குப்ரிக் நிலையை எவ்வளவு இறுக்கமாகத் தாங்குகிறதோ, அவ்வளவு வேகமாகக் குப்ரஸ் செம்பு புரோமினைப் பிடுங்கும். சங்கிலியைத் தொடங்கிவைக்கும் எத்தில் 2-புரோமோஐசோபியூட்டிரேட் துவக்கியோடு, அசிட்டோநைட்ரைலில், 22 டிகிரி செல்சியஸில் ஒவ்வொரு ஈனிக்கும் அளந்த சமநிலை மாறிலிகள் இவை (எண் பெரிதானால் விழித்திருக்கும் நுனிகள் அதிகம்):

பைபிரிடின்: 3.9 × 10⁻⁹
எச்.எம்.டெட்டா: 8.4 × 10⁻⁹
பி.எம்.டெட்டா: 7.5 × 10⁻⁸
டி.பி.எம்.ஏ.: 9.7 × 10⁻⁶
மீ-6-ட்ரென்: 1.5 × 10⁻⁴

முதலுக்கும் கடைசிக்கும் இடையே ஏறக்குறைய 40,000 மடங்கு. இதில் ஒன்றைக் கவனியுங்கள். எச்.எம்.டெட்டாவிலும் நான்கு நைட்ரஜன், மீ-6-ட்ரெனிலும் நான்கு நைட்ரஜன். முன்னதில் அவை ஒரே நூலில் வரிசையாகக் கோத்திருக்கின்றன. பின்னதில் ஒரு நடு நைட்ரஜனிலிருந்து மூன்று கைகள் முக்காலி போல் விரிகின்றன. குப்ரிக் அயனி விரும்பும் வடிவத்துக்கு முக்காலி அப்படியே பொருந்துகிறது. ஆகவே பல், அதாவது செம்பைப் பிடிக்கும் நைட்ரஜன், எத்தனை என்று எண்ணினால் போதாது, எப்படி அடுக்கியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

மறுபக்கம் ஒற்றைப்படி. 25 டிகிரியில் வளர்ச்சி வேக மாறிலி ஸ்டைரீனுக்கு 86, மீத்தைல் மெத்தாக்ரிலேட்டுக்கு (எம்.எம்.ஏ.) 320, மீத்தைல் அக்ரிலேட்டுக்கு 13,000 லிட்டர்/மோல்/நொடி அளவில் இருக்கும். விழிக்கும் சுலபத்தில் வரிசை வேறு: மெத்தாக்ரிலேட் நுனி எளிதில் விழிக்கும், அக்ரிலேட் நுனி முரண்டு பிடிக்கும். அதனால்தான் எம்.எம்.ஏ.வுக்கு மிதமான ஈனி போதும், அக்ரிலேட்டுக்குச் சற்று வலுவானது தேவைப்படுகிறது, அக்ரிலமைடுக்கு மீ-6-ட்ரென் வரை போக வேண்டியிருக்கிறது. "இருப்பதிலேயே வீரியமான ஈனியைப் போட்டுவிடலாம்" என்ற எண்ணம்தான் இந்த வினையில் அதிகம் கெடுப்பது.

முதலில் ஓர் அளவுகோல் வினை

சொந்த ஒற்றைப்படியையோ புது ஈனியையோ சந்தேகிக்கும் முன் இதை ஒரு தடவை ஓட்டுங்கள். இது சரியாக வந்தால் வெற்றிடக் குழாய், நைட்ரஜன், குப்ரஸ் உப்பு மூன்றும் சரி என்று பொருள்.

எம்.எம்.ஏ. 10 மி.லி. (93.9 மில்லிமோல், கார அலுமினாத் தூண் வழியே விட்டுத் தடுப்பானை நீக்கியது), அனிசோல் 10 மி.லி., குப்ரஸ் புரோமைடு 67 மி.கி., குப்ரிக் புரோமைடு 5 மி.கி., பி.எம்.டெட்டா 103 மைக்ரோலிட்டர், எத்தில் 2-புரோமோஐசோபியூட்டிரேட் 69 மைக்ரோலிட்டர். மோல் விகிதத்தில் ஒற்றைப்படி 200, துவக்கி 1, குப்ரஸ் 1, குப்ரிக் 0.05, ஈனி 1.05.

1. இரண்டு செம்பு உப்புகளையும் காந்தக் கோலோடு வெற்றிடமும் நைட்ரஜனும் மாற்றிவிடப் பக்கக்குழாய் உள்ள 50 மி.லி. ஷ்லெங்க் குடுவையில் போட்டு, மூன்று முறை வெற்றிடம், மூன்று முறை நைட்ரஜன்.
2. எம்.எம்.ஏ., அனிசோல், பி.எம்.டெட்டா மூன்றையும் சேர்த்து, உறையவைத்து, உறிஞ்சி, உருக்கும் சுழற்சியை மூன்று முறை செய்யுங்கள்.
3. நைட்ரஜன் நிரப்பி, 60 டிகிரி எண்ணெய்த் தொட்டியில் 10 நிமிடம் கலக்குங்கள். செம்பு கரைந்து அணைவாக வேண்டும்.
4. காற்று நீக்கிய துவக்கியைக் கடைசியாக, நைட்ரஜனால் மூன்று முறை அலசிய சிரிஞ்சில் ஏற்றுங்கள். அந்த நொடியே பூச்சியம்.
5. 15, 30, 60, 120 நிமிடங்களில் தலா 0.2 மி.லி. மாதிரி.

மாற்றத்தை, அதாவது எத்தனை சதவீத ஒற்றைப்படி பலபடியாகியிருக்கிறது என்பதை, என்.எம்.ஆர். நிறமாலையில் பாருங்கள். ஒற்றைப்படியின் மெத்தாக்சி 3.75 பி.பி.எம்.மில் வரும், அனிசோலின் மெத்தாக்சியும் 3.8 பக்கம் வந்து அதன் மேல் ஏறிவிடும். எனவே அதைத் தொடாதீர்கள். 6.1-இல் வரும் வினைல் ஹைட்ரஜன் ஒன்றையும், 3.6-இல் வரும் பலபடியின் மூன்று ஹைட்ரஜனையும் ஒப்பிடுங்கள். 50% மாற்றத்தில் எதிர்பார்க்கும் மூலக்கூறு எடை 0.5 × 200 × 100.1 + 195, அதாவது சுமார் 10,200. சங்கிலி நீளங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் பி.டி.ஐ. 1.3-க்குள் நிற்க வேண்டும். தொடக்கச் செறிவை மிச்சச் செறிவால் வகுத்து இயல் மடக்கை எடுத்து நேரத்தோடு வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். மூலக்கூறு எடையை அளக்கும் ஜி.பி.சி. கருவியை எம்.எம்.ஏ. பலபடித் தரங்களால் அளவிட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாலிஸ்டைரீன் தரத்தால் அளந்த வித்தியாசத்துக்கு ஈனியைப் பழிக்கக் கூடாது.

அறிகுறி: தொடக்கத்திலேயே பச்சை, பிறகு ஒன்றும் நடக்கவில்லை

இங்கே ஈனி குற்றவாளி இல்லை. ஆக்ஸிஜன் புகுந்து குப்ரஸ் முழுவதும் குப்ரிக் ஆகிவிட்டது. பச்சை எப்போது வந்தது என்பதே முக்கியத் துப்பு. துவக்கி ஏற்றும் முன்பே வந்தால் காற்று அல்லது பழைய உப்பு. வினை ஓடத் தொடங்கி மெல்ல மெல்ல ஏறினால் அது அடுத்த அறிகுறி. பைபிரிடின் அணைவு சரியாக இருந்தால் அடர் செம்பழுப்பாக இருக்கும்; அது பச்சைக்குத் திரும்பினால் கண்ணாலேயே தெரிந்துவிடும். பி.எம்.டெட்டாவில் தொடக்கத்திலேயே வெளிர் பச்சைச் சாயல் இருக்கும் என்பதால் அடர்த்தியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நம் அளவுகோல் வினையில் கொஞ்சம் குப்ரிக் நாமே போட்டிருக்கிறோம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சென்னைக் காற்றின் ஈரத்தில் குப்ரஸ் புரோமைடு புட்டி சில முறை திறந்தாலே பச்சை பூக்கும். வெள்ளைப் பொடியாக இல்லாவிட்டால் சுத்தம் செய்யுங்கள்: 5 கிராமுக்கு 50 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் நைட்ரஜன் கீழ் இரவு முழுக்கக் கலக்கி, வடிகட்டி, எத்தனாலில் மூன்று முறை, கடைசியில் டைஎத்தில் ஈதரில் கழுவி, வெற்றிடத்தில் உலர்த்துங்கள். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. அக்கினி நட்சத்திர நாட்களில் ஏசி இல்லாத அறையில் அது கொதிக்கும் நிலையிலேயே இருக்கும். புட்டியைக் குளிரவைத்து, ஃபியூம் ஹூட்டுக்குள், தீயும் சூடான தட்டும் இல்லாத இடத்தில் மட்டுமே திறக்க வேண்டும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஈனிப் புட்டியையோ துவக்கிப் புட்டியையோ உடனே திறக்காதீர்கள். வெளியே வியர்த்து நிற்கும் அதே நீர் உள்ளேயும் படியும். அறை வெப்பத்துக்கு வந்தபின் துடைத்துவிட்டுத் திறங்கள். உறைய வைத்து உறிஞ்சுவதற்குப் பதில் நைட்ரஜனைக் குமிழிவிட்டுச் செய்கிறவர்களுக்கு வேறொரு சிக்கல்: 35 டிகிரியில் அரை மணி நேரம் குமிழிவிட்டால் எம்.எம்.ஏ. கணிசமாகப் பறந்துவிடும், விகிதம் மாறும். குடுவையை ஐஸில் வைத்துக் குமிழிவிடுங்கள்.

திரவ நைட்ரஜனில் குடுவை இருக்கும்போது உள்ளே காற்று கசிந்தால் ஆக்ஸிஜன் வெளிர் நீலத் திரவமாகத் தேங்கும். அதைக் கண்டால் எதையும் அடைக்காமல் திறந்த நிலையிலேயே விட்டு, ஹூட் கண்ணாடியை இறக்கி, எல்லோரையும் வெளியேற்றிப் பொறுப்பாளருக்குச் சொல்லுங்கள். அங்கே வினையைக் காப்பாற்றும் பேச்சே இல்லை.

லேசாக மட்டுமே ஆக்ஸிஜனேறியிருந்தால் ஒரு வழி உண்டு. மின்கம்பியின் உறையை உரித்த சுத்தமான செம்புக் கம்பி 2 செ.மீ. எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கி, நீரிலும் அசிட்டோனிலும் அலசி, உலர்த்தி, காந்தக் கோலில் சுற்றி உள்ளே போடுங்கள். செம்பு உலோகமும் குப்ரிக்கும் சேர்ந்து மறுபடி குப்ரஸ் ஆகும்.

அறிகுறி: முதல் பத்து நிமிடத்தில் சூடு பறக்கிறது, 30 சதவீதத்தில் நின்றுவிடுகிறது

இதுதான் உண்மையான ஈனி நோய். மடக்கைக் கோடு செங்குத்தாக எழும்பி வளைந்து படுத்துவிடும். மூலக்கூறு எடை கணக்கைவிட அதிகம், நிறம் படிப்படியாக அடர் பச்சை. சமநிலை மாறிலி மிக அதிகமாக இருப்பதால் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட நுனிகள் விழித்து, ஒன்றோடொன்று மோதி முடிந்துபோகின்றன. அப்படி முடியும் ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு குப்ரிக் திரும்பிப் போக இடமில்லாமல் தேங்குகிறது. கடைசியில் பிடுங்கக் குப்ரஸ் மிச்சமில்லை.

இதற்குச் சென்னையில் ஒரு தனிக் காரணமும் உண்டு. மீ-6-ட்ரென் வினைகள் பலவற்றில் "அறை வெப்பநிலை" என்று எழுதியிருப்பது 22 முதல் 25 டிகிரி. மே மாத மதியம் நம் அறை 36-இல் இருக்கும். மீத்தைல் அக்ரிலேட் வெப்பம் உமிழும் வினை வேறு, 20 மி.லி. குடுவையில் சில நிமிடத்தில் 60-ஐத் தொட்டுவிடும். 80 டிகிரியில் அது கொதிக்கும். ஆகவே அறை வெப்பநிலை என்று படித்தால் 25 டிகிரி நீர்த்தொட்டி என்று எழுதிக்கொள்ளுங்கள். பெரிய தொட்டி, ஐஸ் துண்டுகள், தொட்டி நீரிலேயே வெப்பமானி.

திருத்தும் வரிசை: முதலில் குளிர்த்தொட்டி. பிறகு குப்ரஸைக் கால் பங்காகக் குறைத்து, அந்தக் குப்ரஸின் 10 முதல் 20 சதவீதம் அளவுக்குக் குப்ரிக் சேர்த்தல்; ஈனியை மொத்தச் செம்புக்குச் சமமாகக் குறைக்க மறக்காதீர்கள். அதற்கும் அடங்காவிட்டால் கரைப்பானை இரட்டிப்பாக்குதல். இன்னும் ஓடினால் ஈனியையே மாற்றுங்கள்: மீ-6-ட்ரெனிலிருந்து பி.எம்.டெட்டா, எம்.எம்.ஏ.வாக இருந்தால் எச்.எம்.டெட்டா அல்லது பைபிரிடின். எம்.எம்.ஏ.வுக்குத் துவக்கிக்குச் சம மோல் செம்பும் மீ-6-ட்ரெனும் போடவே வேண்டாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. நிறம் சரியாக இருக்கிறது, காற்று இல்லை, ஆனால் ஆறு மணி நேரத்தில் 10 சதவீதம்தான் என்றால் ஈனி பலவீனம். பைபிரிடினோடு மீத்தைல் அக்ரிலேட் போட்டால் இப்படித்தான் நகரும். பி.எம்.டெட்டாவுக்கு ஏறுங்கள். பைபிரிடினிலேயே இருக்க வேண்டும் என்றால் 4,4' இடங்களில் மெத்தாக்சி உள்ளதை எடுங்கள். எலக்ட்ரானைத் தள்ளும் குழு நைட்ரஜனின் கொடைத்திறனை ஏற்றி, செயல்திறனைப் பல மடங்கு உயர்த்தும்.

அறிகுறி: கோடு நேராக இருக்கிறது, ஆனால் மூலக்கூறு எடை கணக்கைவிட அதிகம்

எதிர்பார்த்த எடையை ஜி.பி.சி. எடையால் வகுங்கள். 10,000 எதிர்பார்த்து 16,000 வந்தால் துவக்கியில் 62 சதவீதம்தான் வேலை செய்திருக்கிறது. ஈனியைத் தொடும் முன் துவக்கியைப் பாருங்கள். எம்.எம்.ஏ.வுக்கு 2-புரோமோபுரோப்பியோனேட் போட்டிருந்தால் அதுவே காரணம்: அதன் இரண்டாம்நிலைக் கார்பன் மெதுவாக விழிக்கும், விழித்த முதல் சங்கிலிகள் மூன்றாம்நிலையாகி ஒற்றைப்படியை எல்லாம் தின்றுவிடும். எத்தில் 2-புரோமோஐசோபியூட்டிரேட் போட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் குப்ரஸ் புரோமைடுக்குப் பதில் குப்ரஸ் குளோரைடு 46.5 மி.கி. போடுங்கள். துவக்கியிலிருந்து புரோமின் பிரியும், சங்கிலி நுனியில் குளோரின் போய் ஒட்டும். கார்பன்–குளோரின் பிணைப்பு உறுதியானது என்பதால் வளர்ச்சி தாமதமாகி, துவக்கம் முந்திக்கொள்ளும். ஹாலஜன் பரிமாற்றம் என்று பெயர். செலவே இல்லாமல் பலன் தரும் திருத்தம் இது.

இன்னொன்று, வெறும் அளவீடு. 69 மைக்ரோலிட்டரில் 10 மைக்ரோலிட்டர் தவறினால் 15 சதவீதப் பிழை. துவக்கியை அனிசோலில் கரைத்து 1 மி.லி. ஏற்றும்படி இருப்புக் கரைசல் செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: எடை சரி, பி.டி.ஐ. மட்டும் 1.5-க்கு மேல்

உறங்க வைப்பவன் போதவில்லை. பி.டி.ஐ. குறைய வேண்டுமானால் குப்ரிக் செறிவும், அது புரோமினைத் திருப்பிக் கொடுக்கும் வேகமும் உயர வேண்டும். முதல் முயற்சி குப்ரிக்கை 5-லிருந்து 20 சதவீதமாக்குவது. வேகம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீரிலோ நீர்–ஆல்கஹால் கலவையிலோ செய்தால் காரணம் வேறு. குப்ரிக்கில் ஒட்டியிருந்த ஹாலைடு நீரில் கழன்று ஓடிவிடும்; கொடுக்கப் புரோமினே அதன் கையில் இருக்காது. சோடியம் புரோமைடு அல்லது சோடியம் குளோரைடு லிட்டருக்கு 0.1 மோல் அளவில் சேர்த்தால் கழன்றது திரும்பி ஒட்டும். நீரில் மீ-6-ட்ரென் வேறொரு வேலையும் செய்யும்: குப்ரஸ் தானாகவே உலோகச் செம்பாகவும் குப்ரிக்காகவும் பிரியும். குடுவை அடியில் செம்புத் தூள் தெரிந்தால் அதுதான். டி.பி.எம்.ஏ.வில் இந்தப் பிரிவு குறைவு.

அறிகுறி: நன்றாகத் தொடங்கி, நடுவில் நிறம் மாறி நிற்கிறது, ஒற்றைப்படியில் நைட்ரஜனோ அமிலமோ இருக்கிறது

ஒற்றைப்படியே ஈனியோடு போட்டி போடுகிறது. 4-வினைல்பிரிடின் லிட்டருக்குப் பல மோல் அளவில் இருக்கும்போது, நூறில் ஒரு பங்குகூட இல்லாத பைபிரிடின் எப்படிச் செம்பைத் தக்கவைக்கும்? இங்கே நான்கு பல் முக்காலிகள்தான் தாக்குப்பிடிக்கும். 4-வினைல்பிரிடினுக்கு நன்கு வேலை செய்யும் கூட்டணி: குப்ரஸ் குளோரைடு, மீ-6-ட்ரென், 1-ஃபீனைல்எத்தில் குளோரைடு, 2-புரோப்பனால், 40 டிகிரி. புரோமைடு வேண்டாம், புரோமின் நுனியைப் பிரிடின் நைட்ரஜன் தாக்கிச் சங்கிலியை முடித்துவிடும்.

அமில ஒற்றைப்படிகளில் ஈனியின் அமீன் நைட்ரஜன் புரோட்டானை வாங்கிக்கொண்டு செம்பைக் கைவிடும். பி.எம்.டெட்டா, மீ-6-ட்ரென் இரண்டிலும் அலிஃபாட்டிக் அமீன்களே என்பதால் முதலில் விழுவது அவைதான். டி.பி.எம்.ஏ.வின் மூன்று பிரிடின்களுக்குக் காரத்தன்மை குறைவு. அமிலத்தில் அது நிற்கும். சுலபமான வழி, அமிலத்தை டெர்ஷியரி பியூட்டில் எஸ்டராகப் பலபடியாக்கி, பிறகு ட்ரைஃபுளோரோ அசிட்டிக் அமிலத்தால் வெட்டுவது.

அறிகுறி: அடியில் கரையாத படிவு

பைபிரிடினாக இருந்தால் முதலில் விகிதத்தைப் பாருங்கள்: அது இரட்டைப் பல், ஒரு செம்புக்கு இரண்டு வேண்டும். 1:1 போட்டுவிட்டுக் கரையவில்லை என்பது அடிக்கடி நடக்கும் தவறு. பி.எம்.டெட்டா, டி.பி.எம்.ஏ., மீ-6-ட்ரென் எல்லாம் 1:1. விகிதம் சரியாக இருந்தும் ஸ்டைரீனில் கரையவில்லை என்றால், நோனைல் வால் கொண்ட டைநோனைல் பைபிரிடினுக்கு மாறுங்கள். ஸ்டைரீன் 100, 1-ஃபீனைல்எத்தில் புரோமைடு 1, குப்ரஸ் புரோமைடு 1, டைநோனைல் பைபிரிடின் 2, 110 டிகிரி. கரைசல் படிவில்லாமல் செம்பழுப்பாக நிற்கும்.

அறிகுறி: பி.பி.எம். அளவில் செம்பைக் குறைத்ததும் வினை செத்துவிட்டது

குறைந்த செம்பு முறையில் ஆஸ்கார்பிக் அமிலமோ டின் ஆக்டோயேட்டோ குப்ரிக்கைத் தொடர்ந்து ஒடுக்கிக் குப்ரஸ் ஆக்குகிறது. இங்கே பி.எம்.டெட்டாவும் பைபிரிடினும் உதவாது. இத்தனை நீர்த்த நிலையில் அணைவே பிரிந்துவிடும், செயல்திறனும் போதாது. எம்.எம்.ஏ.வுக்குக்கூட இப்போது டி.பி.எம்.ஏ. பொருந்தும், ஏனென்றால் செம்பின் அளவே வேகத்தைக் கட்டிப்போடுகிறது.

மேலே சொன்ன 10 மி.லி. எம்.எம்.ஏ.வுக்கு 50 பி.பி.எம். செம்பு (பத்து லட்சம் ஒற்றைப்படி மூலக்கூறுக்கு 50 செம்பு) என்றால் குப்ரிக் புரோமைடு 1 மி.கி. தான் வரும். அதை எடைபோட முயலாதீர்கள். குப்ரிக் புரோமைடு 22.3 மி.கி., டி.பி.எம்.ஏ. 87 மி.கி. இரண்டையும் 10 மி.லி. டி.எம்.எஃப்.இல் கரைத்து, 0.47 மி.லி. எடுங்கள். டி.பி.எம்.ஏ. மூன்று மடங்கு இருப்பது வீணல்ல; ஒடுக்கியிலிருந்து வரும் அமிலமும் டின்னும் ஈனியைத் தின்றபின்னும் செம்புக்கு மிச்சம் இருக்க வேண்டும். டின் ஆக்டோயேட் 19 மி.கி., அதாவது மோல் கணக்கில் துவக்கியில் பத்தில் ஒரு பங்கு.

அறிகுறி: முதல் தொகுதி அருமை, இரண்டாம் தொகுதி வளரவில்லை

ஒரே சங்கிலியில் ஒரு ஒற்றைப்படியின் தொகுதி (பிளாக்) முடிந்தபின் இன்னொன்றின் தொகுதியை வளர்க்கும்போது, ஜி.பி.சி.யில் பழைய சிகரம் நகராமல் அப்படியே நின்று, பக்கத்தில் புதிது முளைத்தால், முதல் தொகுதியில் பல சங்கிலிகள் நுனியில் புரோமினை இழந்திருக்கின்றன. முதல் தொகுதியை 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். கடைசி 20 சதவீதத்தில் வளர்ச்சி சோர்ந்துபோகும், முடிவு வினைகள் மட்டும் தொடரும். பி.எம்.டெட்டாவைச் "சும்மா கொஞ்சம் கூட" போட்டிருந்தால் அதுவும் காரணம். தனித்து நிற்கும் அமீன் ஈனி தன் ஹைட்ரஜனைச் சங்கிலிக்குக் கொடுத்து நுனியைக் கெடுக்கும், குறிப்பாக அக்ரிலேட்டில்.

தொகுதிகளின் வரிசையும் பாருங்கள். முதலில் மெத்தாக்ரிலேட், பிறகு அக்ரிலேட். மாற்றிச் செய்தே தீர வேண்டும் என்றால் இரண்டாம் கட்டத்தில் குப்ரஸ் குளோரைடு.

பலபடி வெளிர் பச்சையாகவே இருக்கிறது என்பவர்களுக்கு: டி.எச்.எஃப்.இல் கரைத்து, நடுநிலை அலுமினாத் தூண் 5 செ.மீ. வழியே விட்டு, குளிர்ந்த மெத்தனாலில் வீழ்படிவாக்குங்கள். அலுமினாவில் ஒட்டும் முனைவுப் பலபடியென்றால் ஈ.டி.டி.ஏ. கரைசலுக்கு எதிராக டயாலிசிஸ்.

ருத்தேனியமும் நிக்கலும்

உலோகம் மாறினாலும் இதே கேள்விதான்: துவக்கம் முந்துகிறதா, வளர்ச்சி முந்துகிறதா, சங்கிலி எப்போது கழல்கிறது.

நார்போர்னீனை வளையம் திறந்து பலபடியாக்கும்போது ருத்தேனியத்தாலான இரண்டாம் தலைமுறை கிரப்ஸ் வினையூக்கியில் எடை கணக்கைவிட மிக அதிகமாக, பி.டி.ஐ. அகலமாக வந்தால், பாஸ்ஃபீன் ஈனி கழல்வது மெதுவாக இருக்கிறது. கழன்ற சில மூலக்கூறுகள் மட்டும் ஒற்றைப்படியை முடித்துவிடுகின்றன. பாஸ்ஃபீனுக்குப் பதில் 3-புரோமோபிரிடின் இரண்டு கொண்ட மூன்றாம் தலைமுறைக்கு மாறுங்கள். அதன் துவக்கம் பத்து லட்சம் மடங்கு வேகம், பி.டி.ஐ. 1.1 பக்கம் வரும். வினை முடிந்த உடனே எத்தில் வினைல் ஈதரை அளவுக்கு மிகுதியாக ஊற்றி நிறுத்துங்கள். தாமதித்தால் வினையூக்கி சங்கிலியின் முதுகையே கடித்து, பி.டி.ஐ. மறுபடி விரியும். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில் கொதிப்பது. கோடையில் ஐஸ் தொட்டியில் செய்வது செறிவுக்கும் நல்லது.

எத்திலீனுக்கு நிக்கல் ஆல்ஃபா-டைஇமீன் போடுகிறீர்கள், பிளாஸ்டிக்குக்குப் பதில் எண்ணெய் வருகிறது: ஈனியின் அரைல் வளையத்தில், நைட்ரஜன் பிணைந்த கார்பனுக்கு அடுத்த ஆர்த்தோ இடங்கள் காலியாக இருக்கின்றன. புரூக்கார்ட் குழு 1995-இல் காட்டியது இதுதான்: 2,6-டைஐசோபுரோப்பைல் குழுக்கள் உலோகத்தின் மேலும் கீழும் மறைப்பாக நின்றால் சங்கிலி கழலும் வழி அடைபடும். எடை உண்டு, ஆனால் 60, 70 டிகிரியில் செயல்திறன் செத்துவிடுகிறது என்றால் சூட்டில் அரைல் வளையம் சுழன்று மறைப்பு விலகுகிறது. டைபென்ஹைட்ரைல் போன்ற பருமனான ஆர்த்தோ குழுக்கள் அந்தச் சுழற்சியைத் தடுக்கும். பலபடி எதிர்பார்த்ததைவிட மென்மையாக, கிளைகள் அதிகமாக வந்தால், நிக்கல் சங்கிலி மேலேயே நடந்து நடந்து கிளைவிடுகிறது. எத்திலீன் அழுத்தத்தைக் கூட்டி, வெப்பநிலையைக் குறையுங்கள். கிளையே கூடாது என்றால் 1998-இல் புரூக்கார்ட், கிப்சன் குழுக்கள் தனித்தனியே தந்த பிஸ்(இமினோ)பிரிடின் இரும்புக்குப் போங்கள். அங்கும் ஆர்த்தோ இடத்தில் ஐசோபுரோப்பைல் இரண்டு இருந்தால் நீண்ட நேர்ச்சங்கிலி, ஒரே ஒரு மெத்தில் மட்டும் இருந்தால் குட்டையான ஆல்ஃபா-ஓலிஃபின்கள்தான் குடுவையில் கிடைக்கும்.